அம்பாசடர் எஞ்சினில் கார்பன்: ஹெட்டைத் திறப்பதா, மருந்து ஊற்றுவதா?

பழைய 1489 சிசி பெட்ரோல் அம்பாசடருக்குக் கார்பன் (எஞ்சினுக்குள் எரிந்து படியும் கரி) எடுக்க வேண்டும் என்று ஒர்க்‌ஷாப் வாசலில் சொல்லிப் பாருங்கள். ஒருவர் ஹெட்டை, அதாவது எஞ்சினின் மேல்மூடியை, இறக்கச் சொல்வார். இன்னொருவர் டேங்கில் ஒரு பாட்டில் ஊற்றினால் போதும் என்பார். மூன்றாமவர் ஹைட்ரஜன் மெஷின் இருக்கும் கடையைக் காட்டுவார். வயதான மெக்கானிக் யாராவது இருந்தால் கார்புரேட்டர் வழியாகத் தண்ணீர் விடுவார்கள் என்று அந்தக் காலத்துக் கதையை ஆரம்பிப்பார். இந்த வழிகள் ஒவ்வொன்றும் எஞ்சினுக்குள் வேறு வேறு இடத்தைத் தொடுகின்றன. கார்பன் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் வழியைத் தேர்ந்தெடுத்தால் காசு போய்விடும், கார்பன் அங்கேயே இருக்கும்.

படியும் இடங்கள் மூன்று. முதலாவது, பிஸ்டன் தலையும் அதற்கு மேலே ஹெட்டில் இருக்கும் எரியறையும். இங்கே படிந்தால் இடம் சுருங்கி கம்ப்ரஷன் ஏறுகிறது. கனன்று நிற்கும் துணுக்கு, பிளக் பொறி இல்லாமலே பெட்ரோலைப் பற்றவைக்கிறது. மேட்டில் ஏறும்போது எஞ்சினுக்குள் 'டக் டக்' என்று அடிப்பதும், சாவியை அணைத்த பிறகும் எஞ்சின் குலுங்கிக் குலுங்கி ஓடுவதும் இதனால்தான். ஐடிலிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது ஓடும் வேகம்) அதிகமாக வைத்திருந்தாலும், டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) முன்னே போயிருந்தாலும் இதே தொல்லைகள் வரும் என்பதால் அவற்றை முதலில் சரிபாருங்கள்.

இரண்டாவது, வால்வின் பின்புறம். வால்வின் தண்டைப் பிடித்திருக்கும் கைடு தேய்ந்து ஆயில் இறங்கினால் இன்லெட் வால்வின் கழுத்தில் தார் மாதிரி கட்டும். மூன்றாவது, பிஸ்டன் ரிங் உட்காரும் பள்ளம். பல வருடம் ஷெட்டில் நின்ற வண்டிகளில் இதுதான் பெரிய தலைவலி. ரிங் ஒட்டிக்கொண்டு விரிய மறுக்கும், நீலப் புகை வரும், ஆயில் குறைந்துகொண்டே போகும்.

எது என்று கண்டுபிடிக்க இரண்டு சாமான் போதும். போனில் சொருகும் சின்ன கேமரா ஒன்று, கம்ப்ரஷன் கேஜ் ஒன்று. பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாகக் கேமராவை விட்டால் பிஸ்டன் தலை அப்படியே தெரியும். கேஜில் ஒரு சிலிண்டர் மற்றவற்றைவிட நன்றாகக் குறைந்து காட்டினால், அதில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங்கில் கோளாறு. ஏறாவிட்டால் வால்வ் அல்லது ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட். இன்னொன்றும் உண்டு: கார்பன் நிறைய இருந்தால் கேஜ் அதிகமாகக் காட்டும். 'கம்ப்ரஷன் பிரமாதம்' என்று யாராவது மகிழ்ந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

ஹெட்டைக் கழற்றுவது

என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான். பொதுவாக எல்லாக் காருக்கும் அப்படிச் சொல்ல மாட்டேன். இப்போதைய எஞ்சின்களில் ஹெட்டைத் தொடுவது பெரிய செலவு. அம்பாசடரில் இருப்பதோ பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனம் வடிவமைத்த 'பி சீரிஸ்' எஞ்சின். வார்ப்பிரும்பு பிளாக், வார்ப்பிரும்பு ஹெட், கேம்ஷாஃப்ட் கீழே பிளாக்கில், புஷ்ராடு என்ற நீளக் கம்பி மூலம் ஆடும் வால்வுகள். ஹெட்டை இறக்க டைமிங் செயினைத் தொடவே வேண்டாம். கார்பன் எடுப்பதை வழக்கமான பராமரிப்பு வேலையாக நினைத்த காலத்தில் வடிவமைத்த எஞ்சின் இது.

வேலையில் கவனிக்க வேண்டியவை சில. புஷ்ராடுகளைக் கழற்றிய வரிசையிலேயே அட்டையில் குத்தி வையுங்கள். தூக்கும்போது சற்றுத் திருகி எடுக்காவிட்டால் அடியில் இருக்கும் டேப்பெட்டும் ஒட்டிக்கொண்டு மேலே வந்துவிடும். 1, 4 பிஸ்டன்கள் சேர்ந்து மேலே வரும்; அவற்றைச் சுத்தம் செய்துவிட்டு எஞ்சினைச் சுற்றி 2, 3-ஐ மேலே கொண்டுவர வேண்டும். தண்ணீர் ஓட்டைகள், புஷ்ராடு ஓட்டைகள், மற்ற இரண்டு சிலிண்டர்கள் எல்லாவற்றையும் துணியால் அடைத்துவிடுங்கள். பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையிலான இடுக்கில் கிரீஸ் தடவினால் உதிரும் தூள் அதில் ஒட்டிக்கொள்ளும், பிறகு வழித்தெடுத்துவிடலாம். ஹெட் இரும்பு, பிஸ்டன் அலுமினியம். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் பிஸ்டனில் கோடு விழும், அந்தக் கோட்டில் அடுத்த கார்பன் சுலபமாகப் பிடிக்கும். மரத்துண்டு அல்லது பித்தளை பிரஷ் நல்லது. பிஸ்டன் விளிம்பில் ஒரு மெல்லிய வளையத்தை மட்டும் சுரண்டாமல் விடுவது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். தேய்ந்த எஞ்சினில் அந்த வளையம் ஆயில் மேலே ஏறுவதைக் கொஞ்சம் தடுக்கும் என்பது அவர்கள் கணக்கு. ரிங் தேய்ந்த வண்டியில் நானும் அப்படியே விடச் சொல்வேன்.

இந்தியாவில் 2000 பிப்ரவரியில்தான் ஈயம் கலந்த பெட்ரோல் முழுவதுமாக நின்றது. அதற்கு முன்பு கடைசியாகத் திறந்த எஞ்சின் என்றால் உள்ளே சாம்பல் நிறத்தில் இருப்பதில் ஈயமும் உண்டு. காய்ந்த நிலையில் சுரண்டி ஊதாதீர்கள். மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்தெடுங்கள், முகமூடி போடுங்கள், குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் இந்த வேலை வேண்டாம்.

இந்த வழியின் உண்மையான லாபம் கார்பன் போவது மட்டுமல்ல, வால்வ் கையில் வருவதுதான். கிரைண்டிங் பேஸ்ட் போட்டு, வால்வ் உட்காரும் விளிம்பான சீட்டில் தேய்த்து உட்கார வைக்கலாம், கைடு ஆடுகிறதா என்று பார்க்கலாம். ஈயம் அந்தக் காலத்தில் எக்ஸாஸ்ட் சீட்டுக்குக் காப்பாகவும் இருந்தது. அது போன பிறகு, நெடுந்தூரம் ஓடும் வண்டியில் இரும்பு ஹெட்டிலேயே வெட்டிய சீட் மெல்ல உள்ளே தேய்ந்து போகும். ஹெட் கையில் இருக்கும்போதே லேத் பட்டறையில் கெட்டியான சீட் வளையம் போட்டுவிட்டால் பிறகு கவலை இல்லை. பாட்டிலும் மெஷினும் இதில் எதையும் செய்யாது.

குறை என்ன? ரிங் பள்ளத்தை இது தொடவே தொடாது. புது கேஸ்கெட் கட்டாயம். துருப்பிடித்த ஸ்டட் உடைந்தால் ஒரு நாள் வேலை ஒரு வாரம் ஆகும்.

லேத்தில் ஹெட்டைக் காஸ்டிக் சோடாவில் போட்டு வேகவைப்பார்கள். அம்பாசடரின் இரும்பு ஹெட்டுக்கு அது சரி. பிரீமியர் பத்மினி ஹெட்டோடு அதே தொட்டிக்குப் போய்விடாதீர்கள். அது அலுமினியம், காஸ்டிக் அதைத் தின்றுவிடும். பொடிக் கண்ணாடி மணிகளைக் காற்றின் வேகத்தில் பீய்ச்சிச் சுத்தம் செய்பவர்களும் உண்டு. பளிச்சென்று வரும், ஆனால் வால்வை அமுக்கும் ராக்கருக்கு ஆயில் போகும் துளையில் ஒரு மணி தங்கினாலும் ஆபத்து.

பிளக் ஓட்டையில் ஊற வைப்பது

ஒட்டிய ரிங்குக்கு, பிஸ்டனை வெளியே எடுக்காமல் முயல்வதென்றால் இந்த வழிகளில் இதைத்தான் சொல்வேன். பிஸ்டன்களை நடுவாக்கில் நிறுத்தி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கார்பன் கரைக்கும் திரவத்தைக் கொஞ்சம் விட்டு, ஓரிரு நாள் ஊறவிடுவது. இடையிடையே கையால் எஞ்சினைச் சற்று அசைத்து விடலாம். மேலே கெட்டியாகப் படிந்த கார்பன் இதில் இளகும், முழுக்கப் போகாது. ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு பிளக்குகள் இல்லாமலே செல்ஃப் அடித்து மிச்சத்தை வெளியே தள்ள வேண்டும். திரவம் அமுங்காது, அதை உள்ளே வைத்துக்கொண்டு பிளக்கைப் பூட்டி அடித்தால் கனெக்டிங் ராடு வளையும். கீழே இறங்கியது ஆயிலோடு கலந்திருக்கும், ஆகவே ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ஆயிலையும் மாற்றிவிடுங்கள். ஷெட்டில் தூங்கிய வண்டிக்கு இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன், ஹெட்டைப் பற்றிய யோசனை அப்புறம்.

டேங்கில் ஊற்றும் பாட்டில்

பாலிஈதர் அமீன் இருக்கும் பாட்டில் வால்வையும் ஓரளவு எரியறையையும் சுத்தம் செய்யும், மெதுவாக. கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் இன்லெட் வால்வைக் கழுவிக்கொண்டேதான் போகிறது என்பதால் மருந்து சேர வேண்டிய இடத்துக்குச் சேரும். வால்நட் ஓட்டுத் தூளைப் பீய்ச்சி அடித்து இன்லெட்டைச் சுத்தம் செய்யும் முறை நம் வண்டிக்குத் தேவைப்படாததும் இதனால்தான். அது சிலிண்டருக்குள் நேராகப் பெட்ரோல் பீய்ச்சும் புது எஞ்சின்களுக்கானது. கைடு வழியாக ஆயில் இறங்கிக்கொண்டிருந்தால் மட்டும் பாட்டில் வீண். ஊற்ற ஊற்ற மறுபடி கட்டும்.

தண்ணீர்

இது கட்டுக்கதை இல்லை. ஹெட் கேஸ்கெட் போய் தண்ணீர் கசிந்த எஞ்சினைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: மற்ற மூன்று பிஸ்டனும் கறுப்பாக இருக்கும், கசிந்த சிலிண்டரின் பிஸ்டன் மட்டும் கழுவி வைத்த மாதிரி இருக்கும். நீராவி கார்பனைப் பெயர்க்கிறது. ஆனால் பெயர்ந்த கெட்டித் துண்டு எக்ஸாஸ்ட் வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவில் மாட்டினால் வால்வ் எரிந்துபோகும். நாற்பது வருட வண்டியில் கெட்டித் துண்டுகளுக்குப் பஞ்சமில்லை. செய்தே தீருவேன் என்பவர்கள் நன்றாகச் சூடான எஞ்சினை ஆக்சிலரேட்டர் கொடுத்து ஓடவிட்டு, புகை போல மெல்லிய தூவலாக மட்டும் கொடுங்கள். டம்ளரைச் சாய்க்கும் காட்சியைக் கண்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஹைட்ரஜன் மெஷின்

தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து வரும் வாயுவை ஏர் ஃபில்டர் வழியாக விட்டு, எஞ்சினை ஐடிலில் ஓடவிடுகிறார்கள். ஐடிலில்தான் எரியறை மிகக் குறைந்த சூட்டில் இருக்கும். கெட்டிக் கார்பன் எரிய வேண்டிய சூடு அங்கே எப்படி வரும் என்பது என் கேள்வி. வேலை முடிந்ததும் டாஷ்போர்டு விளக்கு, பிக்கப், சத்தம் என்று எதையெதையோ காட்டுவார்கள். முன்னும் பின்னும் பிளக் ஓட்டையில் கேமரா விட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்டச் சம்மதித்தால் பேசலாம்.

கடைசியாக, எதுவும் ஊற்றாமல் எதையும் கழற்றாமல் வண்டியை ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் மூன்றாவது கியரில் உழைக்க வைப்பது. காய்கறிக் கடைக்கு மட்டுமே போய்வரும், சோக் இழுத்தே ஓடும் வண்டிகளில் பிளக்கிலும் எரியறையிலும் இருக்கும் மென்மையான கரி இதில் எரிந்துவிடும். ரேடியேட்டர் நன்றாக இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

எந்த வழியில் எடுத்தாலும், முடிந்த பிறகு இக்னிஷன் டைமிங்கைப் பாருங்கள். கார்பன் அடிக்கும் சத்தத்தை அடக்க எப்போதோ யாரோ டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிப் பின்னே தள்ளியிருப்பார்கள். அதை மறுபடி புத்தகம் சொல்லும் அளவுக்குக் கொண்டுவராவிட்டால், இத்தனை வேலைக்குப் பிறகும் வண்டி மேட்டில் திணறத்தான் செய்யும்.