விண்டோஸ் சர்ச்: கிளியரிங் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு ஒத்துவருமா?

சென்னை தம்பு செட்டி தெரு, லிங்கி செட்டி தெரு பக்கம், சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் கிளியரிங் ஆபீஸ்களில் ஃபைல் தேடுவதே பாதி வேலை. பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிக்குச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் படிவம்), இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் என்று வருஷக்கணக்கில் சேர்ந்த பிடிஎஃப்கள். தேடுவதற்கென்று காசு கொடுத்து மென்பொருள் வாங்கும் முன், விண்டோஸோடு வரும் சர்ச்சை ஒழுங்காக அமைத்துப் பாருங்கள். நல்ல கருவிதான். வந்தபடியே விட்டால் மட்டும் இந்த வேலைக்கு உதவாது.

காரணம், அது தானாக இன்டெக்ஸ் செய்வது, அதாவது தேடுவதற்கான அட்டவணையில் சேர்ப்பது, டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப் மாதிரி யூசர் ஃபோல்டர்களைத்தான். ஆபீஸ் ஃபைல் எல்லாம் டி டிரைவில் கிடக்கும். அங்கே தேடினால் ஒவ்வொரு ஃபோல்டராக ஊர்ந்து போகும். கன்ட்ரோல் பேனலில் இன்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ் திறந்து, மாடிஃபையில் அந்த ஃபோல்டரை மட்டும் டிக் செய்யுங்கள். முழு டிரைவும் வேண்டாம். உள்ளடக்கமும் தேட வேண்டுமானால் அட்வான்ஸ்டு, ஃபைல் டைப்ஸ் போய் பிடிஎஃப்புக்கு 'ப்ராப்பர்ட்டீஸ் அண்ட் ஃபைல் கன்டென்ட்ஸ்' தேர்ந்தெடுத்திருக்கிறதா பாருங்கள்.

இன்டெக்ஸ் உட்காரும் இடம் சி டிரைவ். புரோகிராம்டேட்டா, மைக்ரோசாஃப்ட், சர்ச், டேட்டா, அப்ளிகேஷன்ஸ், விண்டோஸ் என்று உள்ளே உள்ளே போக வேண்டும். புரோகிராம்டேட்டா மறைந்திருக்கும், வியூ மெனுவில் ஹிடன் ஐட்டம்ஸ் போட்டால் தெரியும். விண்டோஸ் 10-ல் ஃபைலின் பெயர் விண்டோஸ்.இடிபி. 11-ல் எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் வகைக்கு மாறி விண்டோஸ்.டிபி ஆகிவிட்டது. 120 ஜிபி எஸ்எஸ்டி போட்ட பழைய மெஷினில் இது பல ஜிபி வளர்ந்தால் சி டிரைவ் மூச்சுத் திணறும்.

உடனே சிலர் இன்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ் அட்வான்ஸ்டில் 'செலக்ட் நியூ' அமுக்கி இன்டெக்ஸை டி டிரைவுக்கு மாற்றிவிடுகிறார்கள். மாற்றலாம், தப்பில்லை. ஆனால் டி சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால் தேடல் வேகம் அடிபடும். அதைவிட, வேண்டாத ஃபோல்டர்களை எடுத்துவிட்டு 'ரீபில்ட்' கொடுத்து இன்டெக்ஸைப் புதிதாகக் கட்டுவதே நல்லது. ரீபில்ட் முடியும்வரை தேடினால் பாதிதான் கிடைக்கும், அதனால் சாயங்காலம் கிளம்பும்போது போட்டுவிட்டுப் போங்கள். டேட்டாபேஸ் ஃபைலை நேரடியாக அழிக்க முயன்றால் விண்டோஸ் சர்ச் சர்வீஸ் விடாது.

பெரிய குறை இனிமேல்தான். கன்டெய்னர் எண்ணை எல்லோரும் கடைசி நாலு இலக்கத்தை வைத்துத்தான் சொல்வார்கள். இன்டெக்ஸோ வார்த்தையின் தொடக்கத்திலிருந்து பொருத்துகிறது. நாலு எழுத்தும் ஏழு இலக்கமும் சேர்த்து எழுதிய எண்ணில் கடைசி நாலை மட்டும் கொடுத்தால் பிடிஎஃப்புக்குள் இருப்பது சிக்காது. முன்னால் இருக்கும் எழுத்துகளில் தொடங்கி அடிக்க வேண்டும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம், ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தைப் படித்து உரையாக்குவது) செய்யாமல் அதற்குள் எதுவும் தேட முடியாது. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய தமிழ்க் கடிதங்களும் அப்படியே: ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள், யூனிகோடில் தேடினால் வராது.

ஃபைல் பெயரிலேயே கன்டெய்னர் எண்ணைப் போடும் பழக்கம் உள்ள ஆபீஸுக்கு 'எவ்ரிதிங்' என்ற இலவச மென்பொருள் இன்னும் மேல். பெயரின் நடுவில், கடைசியில் இருப்பதையும் அடிக்க அடிக்கக் காட்டும். இரண்டையும் ஒரே மெஷினில் வைத்துக்கொள்ளலாம்: பெயருக்கு எவ்ரிதிங், உள்ளடக்கத்துக்கு விண்டோஸ் சர்ச்.