திருவாரூர் டிடிபி கடையில் எழுதி வாங்கிய தலைமைப் பதவி ரெஸ்யூமே

கமலாலயக் குளத்தின் கரையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், மாடியில் இருக்கிறது இந்தக் கடை. பலகையில் ஜெராக்ஸ், டிடிபி, ஸ்பைரல் பைண்டிங் என்றுதான் போட்டிருக்கும். நீலக்குடி மத்தியப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பைண்டிங் போட வருகிற கடை என்று நினைத்துக் கடந்து போய்விடாதீர்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் சார், ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் காலம் முழுக்க உதவி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கேள்வி கேட்டு, எழுதி, அடித்து, மறுபடி எழுதி ரெஸ்யூமே தயார் செய்து தருகிறார். பக்கத்தில் உட்கார்ந்து டைப் செய்யும் அக்காவுக்கும் அந்தப் பயிற்சி வந்துவிட்டது. வாக்கியம் நீண்டால் அவரே நிறுத்திக் கேட்கிறார்.

நான் விண்ணப்பித்தது சென்னையிலிருந்து இயங்கும் ஒரு ஊரக வளர்ச்சி நிறுவனத்தின் தகவல் தொடர்புத் தலைவர் பதவிக்கு. முதலில் செய்தியாளராக இருந்தேன். அப்புறம் டெல்டா விவசாயிகளோடும் மகளிர் சுயஉதவிக் குழுக்களோடும் வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் தகவல் தொடர்பு அலுவலர். கடைக்கு வருமுன் ஆன்லைனில் ஒரு சேவைக்குப் பணம் கட்டி ரெஸ்யூமே வாங்கியிருந்தேன். பார்க்க அழகாக இருந்தது. இடப்பக்கம் நீலப் பட்டை, திறமை ஒவ்வொன்றுக்கும் நட்சத்திர மதிப்பெண், மேலே 'முடிவுகளை நோக்கி உழைக்கும் ஆற்றல்மிக்க தலைவர்' என்று ஒரு வரி. என் பெயரை எடுத்துவிட்டு வேறு யார் பெயரையும் அதில் போடலாம். தகவல் தொடர்பு வேலைக்குப் போகிறவருடைய தாளே இப்படி ஒன்றும் சொல்லாமல் இருந்தால், அந்த ஆளிடம் ஒரு நிறுவனத்தின் குரலை யார் ஒப்படைப்பார்கள்?

சார் அந்த ரெஸ்யூமேயை ஓரமாக வைத்துவிட்டு வேலை விளம்பரத்தைத்தான் முதலில் கேட்டார். சிவப்புப் பேனாவால் மூன்று இடத்தில் கோடு போட்டார்: நெருக்கடி காலத் தொடர்பு, களப்பணியாளர்களுக்கான உள்தொடர்பு, நன்கொடையாளர்களுக்கான அறிக்கைகள். "இந்த மூணும் முதல் பக்கத்தோட மேல்பாதியில கண்ணுல படணும்மா. படலேன்னா அடுத்த பக்கத்தை ஏன் புரட்டப் போறாங்க?" என்றார்.

அதற்கப்புறம் நடந்த உரையாடலுக்காகத்தான் இந்த மதிப்புரையையே எழுதுகிறேன். பழைய தாளில் 'கஜா புயல் நிவாரணத்தின்போது ஊடக ஒருங்கிணைப்பு' என்று ஒரு வரி இருந்தது. சார் அதன் மேல் விரலை வைத்து, "இதுல நீங்க என்ன முடிவு எடுத்தீங்க?" என்று கேட்டார். பத்திரிகைக் குறிப்பு அனுப்பினோம், நிருபர்களைக் களத்துக்கு அழைத்துப் போனோம் என்றேன். "அது செஞ்ச வேலை. முடிவு எது?"

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கஜா கரையைக் கடந்ததும், முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி கிராமங்களில் தென்னைகளோடு மின்கம்பங்களும் சாய்ந்துவிட்டன. பல நாள் கரண்ட் இல்லை, செல்போனில் சிக்னல் இல்லை. தார்ப்பாய் எங்கே தருகிறார்கள், கணக்கெடுப்புக்கு யார் வருவார்கள் என்று ஊருக்கு ஊர் வேறு வேறு பேச்சு. வாட்ஸ்அப்பில் அறிவிப்பு போடும் திட்டத்தை நான் கைவிட்டேன். தினமும் காலையில் ஒரே தாள், பெரிய எழுத்தில் நாலு வரி. ரேஷன் கடை, பால் சொசைட்டி, பள்ளிக்கூடத் திண்ணை மூன்றிலும் ஒட்டவேண்டும். அதையே ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லவேண்டும். தெரியாத விஷயத்தைத் தெரியாது என்றே அந்தத் தாளில் எழுதவேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். நிர்வாகத்தில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. இதையெல்லாம் சொன்னதும் சார் அக்காவைப் பார்த்து, "இதுதாம்மா வரி. அடிங்க" என்றார். இப்போது என் ரெஸ்யூமேயில் அந்தப் புயல் மூன்று வரியில் இருக்கிறது: நிலைமை என்ன, எதிர்ப்பு இருந்தும் நான் எடுத்த முடிவு என்ன, அதனால் மக்கள் செய்தது எப்படி மாறியது.

பயிர்க் காப்பீட்டு வேலைக்கும் இதே கதைதான். சம்பாவுக்குப் பதிவு செய்ய நவம்பர் நடுவில் கெடு வரும். சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தக நகல், ஆதார் எல்லாம் சேர்வதற்குள் நாள் போய்விடும். முன்பெல்லாம் திட்டத்தின் பெருமையை விளக்கும் துண்டறிக்கைதான் அச்சடிப்பார்கள். நான் அதை மாற்றி, என்னென்ன தாள், எந்த இடம், எந்தத் தேதிக்குள் என்று மட்டும் போட்டேன். பழைய ரெஸ்யூமேயில் இது 'விழிப்புணர்வுப் பிரசுரங்கள் தயாரித்தல்' என்று கிடந்தது.

எண் இல்லாமல் ஒரு வரியையும் சார் விடுவதில்லை. ஆனால் எண்ணைப் பார்த்தவுடன் ஏற்றுக்கொள்வதும் இல்லை. தொடங்கியபோது எத்தனை, முடிந்தபோது எத்தனை, எண்ணியது யார் என்று மூன்றையும் கேட்கிறார். பத்திரிகையில் வந்த செய்திகளின் இடத்தை அளந்து, அதே இடத்தில் விளம்பரம் போட்டால் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டு, 'இத்தனை லட்சம் ரூபாய் விளம்பர மதிப்புள்ள செய்திகள்' என்று நான் வைத்திருந்த வரியை அப்படியே வெட்டினார். அந்தக் கணக்கு தகவல் தொடர்பின் மதிப்பைக் காட்டாது என்று 2010லேயே பார்சிலோனாவில் கூடிய அளவீட்டு நிபுணர்கள் அறிவித்தார்கள். பார்சிலோனாக் கொள்கைகள் என்று துறையில் எல்லோருக்கும் தெரியும். எத்தனை செய்தி வந்தது என்பதை விட, யார் என்ன செய்யத் தொடங்கினார்கள் என்பதைத்தான் அந்தக் கொள்கைகள் கேட்கின்றன. தலைமைப் பதவிக்கு ஆள் எடுப்பவர்கள் அதை அறிந்தவர்களாக இருப்பார்கள். திருவாரூர் மாடியில் ஒருவர் இதைச் சொல்லக் கேட்டது எனக்குப் பெரிய சந்தோஷம்.

தலைமை என்ற சொல்லே என் தாளில் இப்போது இல்லை. அதற்குப் பதில் எத்தனை பேர் என்னிடம் வேலை பார்த்தார்கள், ஆண்டுக்கு எவ்வளவு பட்ஜெட்டை நான் கையாண்டேன், நான் யாருக்கு நேரடியாகப் பதில் சொன்னேன், களப்பணியாளர்களில் யாரையெல்லாம் ஊடகத்திடம் பேசப் பழக்கினேன் என்று இருக்கிறது. இந்தக் கடைசி விஷயம் சார் தோண்டி எடுத்தது. நான் பேசியதை எழுதியிருந்தேன். மற்றவர்களைப் பேச வைத்ததை எழுதியிருக்கவில்லை. அலுவலர் வேலைக்கும் தலைவர் வேலைக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு வரியில் தெரிகிறது என்றே நினைக்கிறேன்.

வெட்டியவை நிறைய. அப்பா பெயர், மதம், திருமண நிலை, புகைப்படம், 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை என உறுதி கூறுகிறேன்' என்ற கடைசி வரி, கையெழுத்து இடம் எல்லாம் போயின. நீலப் பட்டையும் போயிற்று. பெரிய நிறுவனங்கள் விண்ணப்பங்களை முதலில் மென்பொருளில் ஏற்றுகின்றன; பக்கவாட்டில் இரண்டு பத்தி, கட்டம், படமாக வைத்த எழுத்து இருந்தால் சில மென்பொருள்கள் வரிகளைக் கலைத்துப் படிக்கும். அக்கா காட்டிய சோதனை எளிது. பிடிஎஃப்பைத் திறந்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். என் பழைய தாளை ஒட்டியபோது வேலை பார்த்த ஆண்டுகள் ஒரு பக்கமும் நிறுவனப் பெயர்கள் வேறு பக்கமும் சிதறிக் கிடந்தன. மாதிரிக்காக இணைத்த தமிழ்க் கட்டுரைகள் பழைய எழுத்துருவில் இருந்தன. ஒட்டினால் புரியாத ஆங்கில எழுத்துகளாக வந்தன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றித் தந்தார்கள், அதற்குத் தனிக் காசு வாங்கவில்லை.

குறைகளும் உண்டு. அவசரத்துக்கு ஆகாத இடம். கெடு நெருங்கிய பிறகு போனால், சார் எழுதித் தர மறுத்துவிடுவார். லிங்க்ட்இன் பக்கம் அவர்களுக்குத் தெரியாத உலகம். அதை நீங்கள்தான் இதே வரிகளை வைத்துச் சரிசெய்துகொள்ள வேண்டும். சாரின் ஆங்கிலம் பிழையில்லாதது, ஆனால் கொஞ்சம் பழைய நாளிதழ் நடை. சில வினைச்சொற்களை வீட்டுக்கு வந்து நானே இலகுவாக்கினேன். மாடிப்படி செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் போன் செய்துவிட்டுப் போனால் அக்கா கீழே இறங்கி வருகிறார். காத்திருக்க ஒரே பெஞ்சு.

ரெஸ்யூமேவுக்கு 1,800 ரூபாய் வாங்கினார்கள். விண்ணப்பக் கடிதம் தனியாக 400. எனக்கு அது அதிகமாகத் தோன்றவில்லை. பயன் என்னவென்று கேட்பீர்கள். நேர்காணலுக்கு அழைத்தார்கள். முதல் கேள்வியே அந்த ஒற்றைத் தாளைப் பற்றி: தெரியாததைத் தெரியாது என்று எழுதச் சொன்னபோது நிர்வாகம் என்ன சொன்னது, எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்? நேர்காணலில் பாதி நேரம் அதிலேயே போயிற்று. முடிவு இன்னும் வரவில்லை. வேலை வாங்கித் தருவேன் என்று சாரும் சொல்லவில்லை. முதல் முறை போனபோதே, "கூப்பிட வைக்கிறது வரைக்கும்தான்மா என் வேலை" என்று சொல்லிவிட்டார்.

புதிதாகப் படித்து முடித்தவர்களுக்கு இந்த அளவு கேள்வி தேவைப்படாது, அவர்களுக்கு ஒரு பக்கத் தாளை அக்காவே குறைந்த காசில் செய்து தருகிறார். பத்துப் பதினைந்து வருடம் செய்தித் தொடர்பிலோ விளம்பரத்திலோ தொண்டு நிறுவனத்திலோ உழைத்துவிட்டு, தலைமை இடத்துக்குக் கேட்கத் தயங்கி நிற்கிறவர்கள் கட்டாயம் போகவேண்டும். மன்னார்குடி, நாகப்பட்டினம், மயிலாடுதுறைக்காரர்களுக்கும் பஸ் வசதி இருக்கிறது. போகும்போது வேலை விளம்பரத்தை அச்செடுத்துக் கொண்டு போங்கள். பழைய ஆண்டறிக்கைகள், சுற்றறிக்கைகள், நீங்கள் எழுதிய துண்டறிக்கைகள் எது கையில் இருந்தாலும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சார் அதைப் புரட்டித்தான் கேள்வி கேட்பார். காலை பதினொரு மணிக்கு மேல் கூட்டம் குறைவு.