‘இஸ்ரவேலரெல்லாரும்’ என்றால் யார்?

ரோமர் 11:26-இல் “இஸ்ரவேலரெல்லாரும் இரட்சிக்கப்படுவார்கள்” என்று பவுல் எழுதுகிறார். கிறிஸ்தவர்கள் இதை முக்கியமாக இரண்டு விதமாக வாசிக்கிறார்கள்.

16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதியான கால்வின் போன்றோரின் வாசிப்பில், இங்கே இஸ்ரவேல் என்பது யூதரும் புறஜாதியாரும் (யூதரல்லாதவர்களும்) சேர்ந்த தேவஜனம் முழுவதும். இதற்கு நல்ல ஆதாரமும் உண்டு. இஸ்ரவேல் வம்சத்தார் எல்லாரும் இஸ்ரவேலர் அல்ல என்று 9:6-இல் பவுலே சொல்கிறார். அதோடு, 11:26 ‘பின்பு’ என்றல்ல, ‘இந்தப்பிரகாரம்’ என்றுதான் தொடங்குகிறது. மூலத்தில் உள்ள ‘ஹூடோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லும் பொதுவாக விதத்தைத்தான் குறிக்கும். ஆகவே இது கடைசிக்கால அட்டவணை அல்ல என்பார்கள்.

மற்ற வாசிப்பில், இது யூத ஜனமேதான்; ஒருநாள் அவர்கள் திரளாகக் கிறிஸ்துவிடம் திரும்புவார்கள். 19-ஆம் நூற்றாண்டில் டார்பி என்ற போதகர் பரப்பிய யுகப்பிரிவுப் போதனை (தேவன் வரலாற்றைத் தனித்தனி யுகங்களாகப் பிரித்து நடத்துகிறார், இஸ்ரவேலும் சபையும் வேறுவேறு என்ற போதனை) இதோடு இஸ்ரவேல் தேசத்தின் மீட்பையும் சேர்த்தது. ஆனால் யூதரின் மனந்திரும்புதலை எதிர்பார்க்க அந்தப் போதனை தேவையில்லை. இங்கிலாந்தின் தூய்மைவாதக் கிறிஸ்தவர்களான பியூரிட்டன்களில் பலர் அந்தப் போதனைக்கு முன்பே அதை எதிர்பார்த்தார்கள்.

எனக்கு இரண்டாவதே சரியாகப் படுகிறது. முந்தின வசனத்தைப் பாருங்கள்: “இஸ்ரவேலரில் ஒரு பங்குக்கு” மனக்கடினம். அங்கே இஸ்ரவேல் என்றால் யூதர்தான். அடுத்த வரியிலேயே அந்தச் சொல்லின் பொருள் மாறுமா? அப்புறம் 28-ஆம் வசனம், பிதாக்களினிமித்தம் அவர்கள் அன்புகூரப்பட்டவர்கள் என்கிறது. பவுல் தேவஜனத்தை ஓர் ஒலிவமரமாக உருவகிக்கிறார்; அதிலிருந்து வெட்டப்பட்ட சுபாவக்கிளைகளை, அதாவது விசுவாசியாத யூதரை, தேவன் மறுபடியும் ஒட்டவைக்க வல்லவர் என்பதும் அதே அதிகாரம்தான். அந்த மரத்தில் ஒட்டப்பட்ட காட்டொலிவக் கிளைகளான, யூதரல்லாத நம்மைப் பார்த்து, “பெருமைபாராட்டாதே” என்று பவுல் எச்சரிப்பதும் அங்கேதான்.