சளிக்குச் சிரப்பா, உப்புநீர்ச் சொட்டா?

பாப்பாவுக்கு இரண்டே கால் வயது. ஆடியில் ஒரு சளி, புரட்டாசியில் ஒன்று, இப்போது மார்கழியில் ஒன்று. காட்பாடிப் பனியில் எங்கள் தெருவில் மூக்கு ஒழுகாத பிள்ளையே இல்லை. இந்த வயதில் வருஷத்துக்கு 6 முதல் 8 முறை சளி பிடிப்பது சாதாரணம். வைரஸ் சளிக்கு ஆன்டிபயாடிக் கேட்காது, 10 நாளில் தானாகவே போய்விடும். எதைக் கொடுத்தாலும் அந்த 10 நாளைக் கடத்தத்தான்.

முதல் இரண்டு முறை சிரப் கொடுத்தோம். இந்த முறை மூக்கில் விடும் உப்புநீர்ச் சொட்டு மட்டும். இனி நான் சொட்டுப் பக்கம்தான்.

சிரப் இனிக்கும், பிள்ளை அடம்பிடிக்காது, குடித்ததும் தூங்கிவிடும். ஆனால் அது சளி குறைந்து வரும் தூக்கமில்லை, சிரப்பில் இருக்கும் குளோர்பெனிரமின் என்ற அலர்ஜி மருந்து வரவைக்கும் தூக்கம். அதோடு ஃபினைலெஃப்ரின் என்ற மூக்கடைப்பு மருந்து சேர்ந்த கலவையை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று 2023லேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லிவிட்டது. எனக்கு அது தெரியாமல் போயிற்று.

புரட்டாசியில் ஒரு ராத்திரி 11 மணிக்கு நான் சிரப் கொடுத்தேன். 1 மணிக்குப் பிள்ளை இருமியதும், அது தெரியாமல் அத்தை எழுந்து மறுபடி கொடுத்துவிட்டார். காலையில் தட்டி எழுப்பினால் கண் சொருகுகிறது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மதியம் வரை வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். அத்தைமேல் தப்பே இல்லை. நம் வீடுகளில் பிள்ளையைப் பார்க்க நாலு கை உண்டு, நாலும் தூக்கக் கலக்கத்தில்தான் மருந்து எடுக்கும். அப்படிப்பட்ட வீட்டில், இரண்டு முறை கொடுத்தாலும் கெடுதல் செய்யாத மருந்துதான் அலமாரியில் இருக்க வேண்டும். எனக்கு முடிவைச் சொன்னது இந்த ஒன்றுதான்.

உப்புநீரை அத்தை மறுபடி விட்டாலும் அது உப்புநீர்தான். பால் கொடுக்கவும் தூங்கவைக்கவும் 10 நிமிஷம் முன்னால், ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு சொட்டு. சளி இளகி வரும், துணியால் துடைத்துவிட்டால் மூச்சு முட்டாமல் பால் குடிக்கிறாள். பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், அழுவாள், அது உண்மை. ராத்திரி இருமல் முழுசாக நிற்கவும் இல்லை. ஸ்காட்லாந்து ஆய்வு ஒன்றில் உப்புநீர் விட்ட பிள்ளைகளுக்குச் சளி 8 நாளுக்குப் பதில் 6 நாளில் போனதாக 2024இல் சொன்னார்கள். அது நம் கடையில் கிடைக்கும் 0.65 சதவீத உப்புநீரைவிட உப்பு கூடியது என்பதால், அதே கணக்கை இதற்கு நான் போடமாட்டேன்.

மெடிக்கலில் வெறுமனே "மூக்குச் சொட்டு" என்று கேட்காதீர்கள். சைலோமெட்டசோலின் சொட்டும் அதே மாதிரி குப்பியில்தான் வரும், அது வேறு மருந்து. லேபிளில் சோடியம் குளோரைடு மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். திறந்து ஒரு மாதமானால் நான் தூக்கிப் போட்டுவிடுகிறேன்.

ஆவி பிடிப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், ஓடுகிற பிள்ளை பக்கத்தில் கொதிநீர் ஆகாது. நெபுலைசர் பற்றி என்னால் சொல்ல முடியாது, பாப்பாவுக்கு இதுவரை இளைப்பு வந்ததில்லை. இளைக்கும் பிள்ளைக்கு டாக்டர் சொல்வதே கணக்கு.

ராத்திரியில் சொட்டு விட்டதும், அவள் தூங்கும்போது ஒரு நிமிஷம் மூச்சை எண்ணுகிறேன். 1 வயதிலிருந்து 5 வயது வரை நிமிஷத்துக்கு 40 ஆனாலோ, அதைத் தாண்டினாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, விடியும் வரை காத்திருக்கக் கூடாது.