நிலா வெளிச்சத்தில் எம்27: ஒரு இரட்டைப் பட்டை ஃபில்டர் அனுபவம்

முழுநிலவுக்கு இரண்டு நாள் முன்பு, 80 மி.மீ. ரிஃப்ராக்டரில் (லென்ஸ் டெலஸ்கோப்) ஒரு இரட்டைப் பட்டை ஃபில்டரைப் போட்டு எம்27 நெபுலாவைப் படம் எடுத்தேன். ஆக்சிஜன் ஒளிக்கு ஒன்று, ஹைட்ரஜன் ஒளிக்கு ஒன்று என 7 நானோமீட்டர் அகலத்தில் இரண்டு பட்டைகளை மட்டும் உள்ளே விடும் ஃபில்டர் இது. முதல் 180 விநாடி ஃப்ரேம் லேப்டாப்பில் வந்ததுமே கறுப்பு வானத்தின் நடுவில் பசுநீலமாக ஒரு பொட்டு. ஃபில்டர் இல்லாமல் எடுத்திருந்தால் நிலா வெளிச்சத்தில் திரை முழுக்கச் சாம்பல் பூத்திருக்கும். வாங்கிய காசு அப்போதே செரித்துவிட்டது.

எம்27 ஒரு கோள்வடிவ நெபுலா, அதாவது முதிர்ந்த விண்மீன் உதறிய வாயு மேகம். அதன் வெளிச்சம் பெரும்பாலும் சில நிறமாலைக் கோடுகளில், அதாவது குறிப்பிட்ட சில அலைநீளங்களில்தான் வருகிறது. இரண்டு எலக்ட்ரான் இழந்த ஆக்சிஜன் 500.7 நானோமீட்டரில், ஹைட்ரஜன் 656.3-ல். 1864-ல் வில்லியம் ஹக்கின்ஸ் பூனைக்கண் நெபுலாவில் அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்தார். தெரிந்த எந்தத் தனிமத்தோடும் அது பொருந்தாததால் பிறகு 'நெபுலியம்' என்றே பெயர் வைத்தார்கள். ஆக்சிஜன்தான் என்று 1927-ல் ஐரா போவன் விளக்கினார். இந்த ஃபில்டர் திறந்துவிடுவது அதே கோட்டைத்தான் என்று நினைக்கும்போது இன்னும் சிலிர்க்கிறது.

மூன்று மணி நேரம், 60 ஃப்ரேம். எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கி ஸ்டாக் செய்ததும் நெபுலாவின் ஓரங்களில் சிவப்பு எழுந்து வந்தது. என் கலர் கேமராவில் ஹைட்ரஜன் ஒளி நான்கில் ஒரு பிக்சலில்தான் விழுகிறது. அதனால் சிவப்பில் மட்டும் இரைச்சல் கொஞ்சம் அதிகம்.

குறை என்றால் ஒளிவட்டம். பக்கத்தில் இருக்கும் 14 வல்பெக்குலே விண்மீனைச் சுற்றி மங்கலாக ஒரு நீல வளையம். ஃபில்டரைச் சென்சாரிலிருந்து சற்றுத் தள்ளி வைத்ததும் வளையம் பெரிதாகி மங்கியது, போகவில்லை. அப்புறம், ஃபில்டர் மாட்டியதும் ஃபோகஸ் நகர்ந்துவிடும். ஃபோகஸ் சரிபார்க்க டெலஸ்கோப் முன்னால் மாட்டும் பாடினோவ் மாஸ்க் வைத்து மறுபடி பிடித்தே ஆகவேண்டும்.

எம்57 என்ற வளைய நெபுலாவுக்கு எனக்கு இந்த ஃபில்டர் பெரிதாக உதவவில்லை. தப்பு ஃபில்டர்மேல் இல்லை, என் டெலஸ்கோப்பின் 480 மி.மீ. குவியத் தொலைவில் அந்த நெபுலா 50 பிக்சல் சொச்சம்தான். எம்27 என்றால் 300 பிக்சல் வரை வரும். சின்ன டெலஸ்கோப் வைத்திருப்பவர்கள் எம்27-இல் ஆரம்பியுங்கள்.

விண்மீன்களின் இயல்பான நிறம் இதில் வராது. நிலா இல்லாத இரவில் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, 30 விநாடி ஃப்ரேம்களாக விண்மீன்களைத் தனியாக எடுத்துச் சேர்க்கப் போகிறேன்.