நாயின் பல்லுக்குத் துணியா, கேரட்டா?

நாயின் பல்லில் படியும் மென்படலம், துடைக்காமல் விட்டால் இரண்டு மூன்று நாட்களிலேயே உமிழ்நீரிலுள்ள தாதுக்களால் இறுகிப் பற்காரையாக மாறத் தொடங்குகிறது என்பதால், வீட்டில் நாம் கையாளும் எந்த முறையும் அதற்குள் வேலை செய்தாக வேண்டும்.

பருத்தித் துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்து விரலில் சுற்றி, மேல்தாடைக் கடைவாய்ப் பற்களின் வெளிப்புறத்தை ஈறோரம் வரை நாள்தோறும் தேய்ப்பது முதல் வழி. காரை மிகுதியாகச் சேர்வது அங்கேதான், உதட்டைச் சற்றே தூக்கினால் போதும், வாயைத் திறக்க வேண்டியதில்லை. நாய் பழகச் சில வாரங்கள் ஆகலாம். மனிதர்களின் பற்பசை கூடாது. சிலவற்றில் இருக்கும் சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி நாய்க்கு நஞ்சு.

சேலத்து உழவர் சந்தையில் வாங்கிய கேரட்டைக் கடிக்கக் கொடுப்பது எளிது, நாய்க்கும் கொண்டாட்டம். ஆனால் பல்லின் முனைதான் உராய்கிறதே தவிர, ஈறோரம் அப்படியே நிற்கிறது. நம் வட்டாரத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பச்சை மரவள்ளிக்கிழங்கைக் கொடுத்துவிடக் கூடாது. அதில் சயனைடை வெளியிடும் பொருள் உண்டு. வேகவைத்த எலும்பும் சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கக்கூடும்.

என் தேர்வு துணிதான்; கேரட்டைத் தின்பண்டமாகவே கருதுகிறேன். ஏற்கெனவே பழுப்பாக இறுகிவிட்ட காரையை இரண்டுமே அகற்றா; அதற்குக் கால்நடை மருத்துவர்தான் வேண்டும்.