ஒரே இலக்கு, இரு வழிகள்: ஜான் பிரவுனும் ஃப்ரெடெரிக் டக்ளஸும்

1859 ஆகஸ்டில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள சேம்பர்ஸ்பர்க் நகருக்கு அருகே ஒரு பழைய கல்குவாரியில், மீன்பிடிக்க வந்தவரைப் போலத் தூண்டிலும் நைந்த தொப்பியுமாக நின்ற ஜான் பிரவுன், அடிமைகளை விடுவிக்க, ஹார்ப்பர்ஸ் ஃபெரி என்ற ஊரிலிருந்த அரசு ஆயுதக் கிடங்கைக் கைப்பற்றும் திட்டத்தைத் தம் நண்பர் ஃப்ரெடெரிக் டக்ளஸிடம் விளக்கி, உடன் வருமாறு அழைத்தார்.

அடிமைமுறை ஒழிய வேண்டும் என்பதில் இருவருக்கும் இம்மியும் வேறுபாடில்லை. ஆனால் வெள்ளையரான பிரவுன், இரத்தம் சிந்தாமல் இந்தப் பாவம் கழுவப்படாது என்று நம்பியவர். அடிமையாகப் பிறந்து 1838இல் மேரிலாந்திலிருந்து தப்பிய டக்ளஸோ, பேச்சாலும் 1847 முதல் தாம் நடத்திய பத்திரிகையாலும் நாட்டின் மனச்சாட்சியைத் தட்டியெழுப்பியவர். அந்த ஊர் எஃகுப் பொறி, உள்ளே போனால் மீள முடியாது என்று எச்சரித்து அவர் மறுத்தார். அவருடன் வந்திருந்த ஷீல்ட்ஸ் கிரீன் என்ற தப்பிய அடிமை மட்டும், முதியவருடனே போவதாகச் சொல்லி அங்கேயே தங்கிவிட்டார்.

டக்ளஸின் கணிப்பே பலித்தது. அக்டோபர் 16 இரவு தொடங்கிய தாக்குதலை, ராபர்ட் ஈ. லீ தலைமையிலான மரைன் படையினர் 18ஆம் தேதி காலையில் முறியடித்தனர். டிசம்பரில் பிரவுனும் கிரீனும் தூக்கிலிடப்பட்டனர்.

இதை வைத்து டக்ளஸைக் கோழை என்பது பெருந்தவறு. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1863இல், கறுப்பினத்தவரைக் கொண்ட 54ஆவது மாசசூசெட்ஸ் படைப்பிரிவுக்கு ஆள்திரட்டிய அவர், தம் மகன்கள் இருவரையே அதில் சேர்த்தார். ஆயுதத்தை அவர் வெறுக்கவில்லை, வெல்ல வழியில்லாத போரையே மறுத்தார் என்பது என் கணிப்பு. 1881இல் அதே ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் உரையாற்றியபோது, அடிமைமுறைக்கு முடிவுகட்டிய போரைத் தொடங்கிவைத்தவர் பிரவுனே என்று மனமாரப் போற்றினார்.